நீதிபதி வேலைக்கு நேர்காணல்: சி-ஸ்பான் களஞ்சியத்தில் மூன்று வாரம்

முதலிலேயே மார்க் போட்டுவிடுகிறேன், அப்புறம் ஆற அமரப் பேசலாம். அமெரிக்காவின் சி-ஸ்பான் சேனல் வைத்திருக்கும் காணொளிக் களஞ்சியத்துக்கு ஐந்துக்கு நாலரை. அதற்குள் நான் தேடிப் போன சரக்குக்கு, அதாவது அமெரிக்காவில் நீதிபதி பதவிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்களை உட்காரவைத்து செனட்டர்கள் கேட்கும் கேள்வி பதிலுக்கு, ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையில் ஒன்று நீதிபதி எலெனா கேகன் சொன்ன சைனீஸ் ரெஸ்டாரண்ட் ஜோக்குக்காக. அது கீழே வருகிறது.

ஆரம்பித்து வைத்தது என் அக்கா. டெக்சாஸில் இருக்கிறாள். 2025 ஜூனில் அந்த மாநிலம் ஒரு சட்டம் போட்டது. அரசுப் பள்ளிகளில் ஒவ்வொரு வகுப்பறையிலும் பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும், 16க்கு 20 அங்குலத்துக்குக் குறையாமல், சாதாரணக் கண்பார்வை உள்ளவர் அறையின் எந்த மூலையில் இருந்தாலும் படிக்க முடிகிற மாதிரி. வழக்குகள் உடனே பாய்ந்தன, ஆகஸ்டிலேயே ஒரு ஃபெடரல் நீதிபதி சில பள்ளி மாவட்டங்களுக்கு மட்டும் தடை போட்டார். அக்கா மகள் மூன்றாம் வகுப்பு, கட்டளைகளில் ஒன்றோ ‘அடல்ட்ரி’, அதாவது கள்ள உறவு, கூடாது என்பது. அக்கா போனில் கேட்டது இதுதான்: “ஏன்டா, நாளைக்கு பாப்பா வந்து ‘அடல்ட்ரின்னா என்னம்மா’ன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்றது? இதெல்லாம் சட்டப்படி செல்லுமா?”

நான் சட்டம் படித்தவன் இல்லை. மதுரையில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் குப்பை கொட்டுகிறேன். ஆனாலும் தம்பி என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பது அக்காவின் நம்பிக்கை, அதனால் தேடிப் பார்த்துச் சொன்னேன்: கென்டக்கி மாநிலம் இதே மாதிரி சட்டம் போட்டு, 1980-ல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று செல்லாது எனத் தூக்கிப் போட்டிருக்கிறது. “அப்புறம் ஏன் மறுபடி போடறாங்க?” நீதிபதிகள் மாறிவிட்டார்கள் அக்கா என்றேன். “மாறினா? வேலைக்கு எடுக்கும்போது இதையெல்லாம் கேக்க மாட்டாங்களா?”

கேட்பார்கள். கேட்டதெல்லாம் காணொளியாகவும் இருக்கிறது. நம் ஊரில் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் மூடிய அறையில் கூடிப் பெயரை அனுப்பும், நாம் மறுநாள் பேப்பரில் படிப்போம், அவ்வளவுதான். அங்கே நாடாளுமன்ற மேலவையான செனட்டின் நீதித்துறைக் குழு, ஜனாதிபதி பரிந்துரைத்த ஆளை நடு அறையில் உட்காரவைத்து, நாள் கணக்கில், எல்லோரும் பார்க்கக் கேள்வி கேட்கிறது. அதைப் பார்க்கும் இடம்தான் சி-ஸ்பான்.

பலருக்கு இந்தச் சேவை பற்றித் தெரியாது என்பதால் இரண்டு வரி. 1979 மார்ச்சில் பிரையன் லாம்ப் என்பவர் ஆரம்பித்தது, அமெரிக்க நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெட்டாமல் ஒட்டாமல் அப்படியே காட்டும் சேனல். அரசுப் பணம் கிடையாது, கேபிள் கம்பெனிகள் சந்தாவிலிருந்து கொடுக்கும் சில்லறையில் ஓடுகிறது. விளம்பரம் போட்டுப் பிழைக்கும் செய்திச் சேனல் இல்லை, “பிரேக்கிங்” கிடையாது, நாலு பேர் கட்டம் கட்டி உட்கார்ந்து கத்துவதும் கிடையாது. 1987-லிருந்து ஒளிபரப்பியது எல்லாவற்றையும் இண்டியானாவின் பர்டூ பல்கலைக்கழகத்தையொட்டிச் சேர்த்து வைத்து, 2010-ல் மொத்தத்தையும் இணையத்தில் திறந்துவிட்டார்கள். பழைய விசாரணைகளைப் பார்க்க ஒரு பைசா வேண்டாம். இப்படி ஒன்றை நம் சட்டமன்றத்துக்கு யாராவது செய்தால் நானே மாதம் நூறு ரூபாய் கொடுப்பேன்.

நான் பயன்படுத்திய விதம்: இரவு சாப்பாடு முடிந்து பத்தரைக்கு மேல், ஹெட்போன், பக்கத்தில் ஒரு நோட்டு. ஒரு நாள் விசாரணை என்பது சாதாரணமாகப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் போகும், அதனால் முழுசாகப் பார்ப்பது நடக்காத காரியம். இங்கேதான் களஞ்சியம் கைகொடுக்கிறது. காணொளிக்குக் கீழே பேச்சு முழுவதும் எழுத்தாக ஓடுகிறது, அதற்குள் ஒரு சொல்லைத் தேடலாம், அந்த வரியைத் தொட்டால் காணொளி அந்த இடத்துக்கே தாவிவிடும். இலவசக் கணக்கு ஒன்று திறந்தால் வேண்டிய துண்டை மட்டும் வெட்டி எடுத்து யாருக்கும் அனுப்பலாம். நான் அக்காவுக்கு இதுவரை பதினொரு துண்டு அனுப்பியிருக்கிறேன், அவள் பார்த்தது நாலு.

குறை என்றால் அந்த எழுத்துதான். நேரலையில் காது கேளாதவர்களுக்காக அவசரமாகத் தட்டிய உபதலைப்பை அப்படியே போட்டிருக்கிறார்கள், திருத்தவில்லை என்று அவர்களே சொல்லியும் விடுகிறார்கள். அதனால் பெயர்கள் கன்னாபின்னாவென்று இருக்கும், யார் பேசுகிறார் என்பது பல இடங்களில் குழம்பும். சொல்லுக்குச் சொல் சரியாக வேண்டும் என்றால் அரசாங்கம் அச்சிட்ட விசாரணைத் தொகுப்பு பிடிஎஃப்பாகக் கிடைக்கிறது, அதைத்தான் பார்க்க வேண்டும். அரை மார்க் அங்கே போனது.

இன்னொரு சின்ன விஷயம், இது அவர்கள் தப்பு இல்லை. “செப்பரேஷன்” என்று தேடினால் கொத்துக் கொத்தாக வந்து விழும், ஆனால் முக்கால்வாசி “செப்பரேஷன் ஆஃப் பவர்ஸ்”, அதாவது அரசின் மூன்று கிளைகளும் தனித்தனி என்பது. பரிந்துரைக்கப்பட்டவர்களுக்கு அதைப் பற்றிப் பேசுவதென்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. மதமும் அரசும் தனித்தனி என்ற பிரிவினை வந்தால் மட்டும் தொண்டை கட்டிக்கொள்கிறது.

சரி, சரக்குக்கு வருவோம்.

பின்னணி தெரியாதவர்களுக்கு: அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாது, யாரும் தன் மதத்தைக் கடைப்பிடிப்பதைத் தடுக்கவும் கூடாது என்கிறது. “மதத்துக்கும் அரசுக்கும் நடுவே சுவர்” என்ற பேச்சு அதில் இல்லை. தாமஸ் ஜெஃபர்சன் 1802 ஜனவரி 1-ஆம் தேதி டான்பரி ஊர் பாப்டிஸ்டுகளுக்கு எழுதிய கடிதத்தில் வருவது. அந்தச் சுவரை உச்ச நீதிமன்றம் 1947-ல் எவர்சன் வழக்கில் தூக்கி நிறுத்தியது. 1971-ல் லெமன் வழக்கில் மூன்று கேள்வி வைத்து ஒரு சோதனை வகுத்தது: சட்டத்தின் நோக்கம் மதச்சார்பற்றதா, அதன் முக்கிய விளைவு மதத்தை வளர்ப்பதோ ஒடுக்குவதோ அல்லாமல் இருக்கிறதா, அரசும் மதமும் அளவுக்கு மீறிப் பின்னிக்கொள்கின்றனவா. லெமன் என்பது எலுமிச்சை இல்லை, வழக்குப் போட்டவர் பெயர். நான் முதல் இரண்டு நாள் எலுமிச்சை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் முதலில் போட்டது ஜான் ராபர்ட்ஸ், 2005. இப்போதைய தலைமை நீதிபதி. விசாரணை தொடங்கிய தேதி செப்டம்பர் 12. அதே செப்டம்பர் 12-ல்தான், 45 வருடத்துக்கு முன்னால், ஜான் கென்னடி ஹூஸ்டனில் புராட்டஸ்டண்ட் பாதிரியார்கள் முன் நின்று, கத்தோலிக்கன் ஜனாதிபதியானால் போப் சொல்வதைத்தான் கேட்பான் என்ற பயத்துக்குப் பதில் சொன்னார். மதமும் அரசும் முழுமையாகப் பிரிந்திருக்கும் அமெரிக்காவையே தான் நம்புவதாகச் சொன்னார். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் அந்த வரியை எடுத்து ராபர்ட்ஸ் முன்னால் வைத்து, நீங்கள் நம்புகிறீர்களா என்று நேராகக் கேட்கிறார்.

இந்த இரண்டு மூன்று நிமிடத்தை நான் ஆறு தடவை ஓட்டிப் பார்த்தேன். ராபர்ட்ஸ் அசரவில்லை. குறிப்புச்சீட்டு கிடையாது, மேசையில் பெரிதாக ஒன்றும் இல்லை, குரல் ஒரே சீராக இருக்கிறது. அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் அனுபவம் என்று தொடங்கி, முதல் திருத்தத்தின் இரண்டு பகுதிகளுக்கும் வந்து, அந்த வருடம் ஜூனில்தான் வந்திருந்த இரண்டு தீர்ப்புகளுக்குப் போகிறார். டெக்சாஸ் சட்டமன்ற வளாகத்தில் உள்ள பத்துக் கட்டளைக் கல் இருக்கலாம், கென்டக்கி நீதிமன்றச் சுவரில் மாட்டிய பத்துக் கட்டளை கூடாது, இரண்டும் 5-4. (இரண்டிலும் ஜெயித்த பக்கம் இருந்தவர் ஸ்டீஃபன் பிரெயர் ஒருவர்தான். மற்ற எட்டுப் பேரும் இரண்டில் ஒன்று தப்பு என்றே நினைத்தார்கள்.) ஃபைன்ஸ்டைன் விடாமல், ஆமாமா இல்லையா என்று கேட்கிறார். முழுமையான பிரிவினை என்று நீங்கள் சொல்வதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை என்கிறார் ராபர்ட்ஸ். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ரொக்கக் கணக்கு இடிக்கிறதே என்று கேட்டால் சில முதலாளிகள் “சார், ரொக்கம்னு நீங்க எதைச் சொல்றீங்க?” என்பார்கள். அப்போதே தெரிந்துவிடும்.

அதே விசாரணையில்தான் ராபர்ட்ஸ் தன்னை பேஸ்பால் அம்பயருக்கு ஒப்பிட்டார்; விதியை அம்பயர் எழுதுவதில்லை, பந்தைப் பார்த்துச் சொல்வதோடு அவர் வேலை முடிந்தது என்று. அவருடைய மூன்று தீர்ப்புகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். 2017-ல் மிசௌரி: தேவாலயம் நடத்தும் பாலர் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்கு ரப்பர் தரை போட அரசு கொடுக்கும் மானியத்தை, தேவாலயம் என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது. 2020-ல் மொன்டானா: வரிச்சலுகையில் ஓடும் கல்வி உதவித்தொகையை மதப்பள்ளிக்கு மறுக்கக்கூடாது. 2022-ல் மெய்ன்: அரசு நேரடியாகக் கட்டும் பள்ளிக் கட்டணத்தையும் மறுக்கக்கூடாது. மூன்றும் அவர் கையால் எழுதியது. 2017 தீர்ப்பில் இது திடல் சம்பந்தப்பட்டது மட்டும் என்று ஓர் அடிக்குறிப்பு வேறு இருந்தது. அம்பயர் விதியை எழுதவில்லை, சரி, ஆனால் ஓவருக்கு ஓவர் ஸ்டம்பு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அந்தத் தீர்ப்புகள் சரியா தப்பா என்பது வேறு விவாதம், அதில் எனக்கே இரண்டு மனம் இருக்கிறது, ரப்பர் தரையில் விழும் குழந்தைக்கு மதம் ஏது. நான் கேட்பது, 2005-ல் அந்த அறையில் இருந்தவர்களுக்கு இதில் ஒரு துளியாவது தெரிந்திருக்குமா என்பதுதான். தெரிந்திருக்காது. சேவை என்று பார்த்தால் இது பழுது.

கிளாரன்ஸ் தாமஸ் விசாரணை 1991. எல்லோருக்கும் நினைவிருப்பது அனிட்டா ஹில் வந்து அவர்மேல் பாலியல் தொல்லைப் புகார் சொல்லிச் சாட்சி கொடுத்த நாட்கள். அதற்கு முந்தின மாதத்துப் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. அதில் லெமன் சோதனை பற்றிக் கேட்கிறார்கள், தனக்கு அதோடு தனிப்பட்ட முரண்பாடு ஒன்றுமில்லை என்கிறார் தாமஸ். 52-48-ல் பதவி கிடைத்தது. 1993-ல் ஒரு வழக்கில் நீதிபதி ஸ்காலியா, லெமன் சோதனை என்பது நள்ளிரவுப் பேய்ப்படத்தில் கொன்று புதைத்த பிறகும் கல்லறையிலிருந்து எழுந்து வந்து பள்ளிக் குழந்தைகளையும் வக்கீல்களையும் மிரட்டும் பிணம் மாதிரி என்று எழுதினார், அதில் கூடவே கையெழுத்துப் போட்டவர் தாமஸ். இரண்டு வருடத்தில் “முரண்பாடு இல்லை” பேயாகிவிட்டது. (இந்தப் பகுதி ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் வீட்டு இணைப்பு செத்துப் போய், கம்பெனிக்காரன் மறுநாள் மதியம்தான் வந்தான். பேய் வேலையோ என்னவோ.)

சாமுவேல் அலிட்டோவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 1985-ல் ரீகன் அரசில் பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போடும்போது அவரே எழுதியிருக்கிறார், அரசியல் சட்டத்தில் தனக்கு ஆர்வம் வந்ததே பெரும்பாலும், ஏர்ல் வாரன் தலைமை நீதிபதியாக இருந்த காலத்துத் தீர்ப்புகளோடு ஒத்துப்போகாததால்தான் என்று, அதில் மதமும் அரசும் பற்றிய தீர்ப்புகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கிறார். இருபது வருடம் கழித்து செனட்டில் இதைக் காட்டிக் கேட்கும்போது எல்லாம் வழவழ கொழகொழ. அந்த ஒரு விண்ணப்பத்தாளில் இருக்கும் விஷயம் மொத்த விசாரணைக் காணொளியிலும் இல்லை. வேலை தேடும்போது உண்மையைச் சொன்னவர், வேலை உறுதியாகும் நேரத்தில் சொல்லவில்லை, மனித சுபாவம்.

பிரெட் கேவனா கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் அதில் ஒரு வேடிக்கை உண்டு. சான்டா ஃபே என்ற டெக்சாஸ் ஊர்ப் பள்ளியில் கால்பந்தாட்டத்துக்கு முன் ஒலிபெருக்கியில் மாணவர் ஜெபம் சொல்லலாமா என்ற வழக்கு. 2000-ல் 6-3 என்று கூடாது என்றார்கள். அதில் மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக நின்று பள்ளிக்காக வாதாடியவர் ஜான் கோர்னின். பள்ளிக்கு ஆதரவாக வெளியிலிருந்து மனு எழுதிக் கொடுத்தவர்களில் ஒருவர் கேவனா. 2018-ல் கேவனா பரிந்துரைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறார், கேள்வி கேட்கும் செனட்டர் கோர்னின். தோற்ற வழக்கைப் பற்றி இரண்டு பேரும் பேசிக்கொள்வது ரிட்டயர்டு வாத்தியார்கள் டீக்கடையில் பழைய கதை பேசுகிற மாதிரி இருக்கும். கேள்வி கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் ஒரே ஆசை என்றால் அந்த அரை மணி நேரத்தில் பொதுமக்களுக்கு என்ன கிடைக்கும்?

இப்போது ஏமி கோனி பேரட். இவரை இரண்டு தடவை பார்க்க வேண்டும், 2017-லும் 2020-லும்.

2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டு வருகிறார், சட்டப் பேராசிரியை. 1998-ல் கூட்டாக எழுதிய ஒரு கட்டுரையில், மரண தண்டனை வழக்கில் கத்தோலிக்க நீதிபதியின் மனசாட்சி இடம் தராவிட்டால் அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார். நல்ல கேள்விக்கு வழி இருக்கும் கட்டுரை. எங்கே விலகுவீர்கள், எங்கே மாட்டீர்கள், பட்டியல் போட்டுக் கேட்டிருக்கலாம். செனட்டர் டர்பின், நீங்கள் உங்களை ஆச்சாரமான கத்தோலிக்கராக நினைக்கிறீர்களா என்கிறார். அப்புறம் அதே ஃபைன்ஸ்டைன், பன்னிரண்டு வருடத்துக்கு முன் ராபர்ட்ஸைச் சரியான இடத்தில் பிடித்தவர், உங்கள் பேச்சுகளைப் படித்தால் மதக் கோட்பாடு உங்களுக்குள் சத்தமாகக் குடியிருப்பது தெரிகிறது, அது கவலை தருகிறது என்றார். அந்த ஒரு வரியோடு விசாரணை கைமாறிவிட்டது. நீதிபதி தன் சொந்த நம்பிக்கையைச் சட்டத்தின் மேல் திணிப்பது எக்காலத்திலும் சரியில்லை என்று அதே விசாரணையில் பேரட் அமைதியாகச் சொல்லியிருந்தார்; சீக்கிரமே ஃபைன்ஸ்டைனின் அந்த வரியை அச்சடித்த காபிக் கோப்பைகளும் டீ-ஷர்ட்களும் விற்பனைக்கு வந்துவிட்டன.

என் எரிச்சல் இதுதான். 2005-ல் கேட்டது சட்டத்தைப் பற்றி: சுவர் இருக்கிறதா இல்லையா. 2017-ல் கேட்டது சாமியைப் பற்றி. இரண்டாவதைக் கேட்கவே கூடாது, பதவிக்கு மதச் சோதனை வைக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவே சொல்கிறது. அதைக் கேட்டதால் முதலாவதிலிருந்து தப்பிக்க எல்லோருக்கும் ஒரு ஓட்டை கிடைத்தது. அடுத்த வருடம் நெப்ராஸ்காவில் மாவட்ட நீதிபதிக்குப் பரிந்துரைக்கப்பட்ட பிரையன் பியூஷரிடம், நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் என்ற கத்தோலிக்கச் சங்கத்திலிருந்து விலகுவீர்களா என்று எழுத்தில் கேட்டார்கள். 1882-லிருந்து இருக்கும் சங்கம், அப்பம் சுட்டு நிதி திரட்டுபவர்கள். 2019 ஜனவரியில் செனட்டே, அந்தச் சங்கத்தில் இருப்பது யாரையும் தகுதியிழக்கச் செய்யாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட வேண்டியதாயிற்று. அதிலும் மதத்தை வைத்துக் கணக்குப் போட்டால் விடையே தப்பாக வரும்: முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் பிரென்னன் கத்தோலிக்கர், 1957 விசாரணையில் அவரிடமும் போப்பா சத்தியப் பிரமாணமா என்று கேட்டார்கள், பிற்பாடு பள்ளி ஜெபத்துக்கு எதிராக நின்றவர் அவர். இன்று சுவர் இடிகிறது என்று மறுப்புத் தீர்ப்பு எழுதும் நீதிபதி சோட்டோமயோரும் கத்தோலிக்கர்தான்.

2020-ல் உச்ச நீதிமன்றப் பதவிக்கான பேரட் விசாரணை முற்றிலும் வேறு படம். கோர்னின், உங்கள் முன்னால் இருக்கும் குறிப்பைக் காட்டுங்கள் என்கிறார், அவர் ஒரு நோட்டுத் தாளைத் தூக்கிக் காட்டுகிறார், மேலே செனட் முகவரி அச்சடித்ததைத் தவிர வெள்ளைத் தாள். முழு விசாரணைக்கும் அதுதான் சரியான போஸ்டர். செனட்டர் பென் சாஸ், முதல் திருத்தத்தின் ஐந்து சுதந்திரங்களைச் சொல்லச் சொல்கிறார். பேச்சு, மதம், பத்திரிகை, கூட்டம் என்று நாலைச் சொல்லிவிட்டு ஐந்தாவது எது என்று அவரையே கேட்கிறார் பேரட். குறை தீர்க்கக் கோரி அரசிடம் முறையிடும் உரிமை. இதை வைத்துப் பலர் கிண்டல் செய்தார்கள், நான் செய்ய மாட்டேன், பத்து மணி நேரம் உட்கார்ந்தால் எனக்கு என் பான் நம்பரே மறந்து போகும்.

கேகன் ஜோக் சொல்கிறேன் என்றேனே. 2010, அவருடைய விசாரணை. செனட்டர் லிண்ட்சி கிரஹாம், கிறிஸ்துமஸ் அன்று விமானத்தில் குண்டு வைக்க முயன்றவனைப் பற்றி ஏதோ கேட்கப் போகிறார், அதற்கு முன், கிறிஸ்துமஸ் அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்கிறார். கேகன் சட்ட விளக்கம் சொல்லத் தொடங்க, இல்லை இல்லை, எங்கே இருந்தீர்கள் என்று மட்டும்தான் கேட்டேன் என்கிறார். எல்லா யூதர்களையும் போல நானும் ஏதாவது சைனீஸ் ரெஸ்டாரண்டில்தான் இருந்திருப்பேன் என்கிறார் கேகன். அறை முழுக்கச் சிரிப்பு. அன்றைக்குத் திறந்திருக்கும் கடை அதுதானே. மதத்தைப் பற்றி அந்த நாற்காலியில் உட்கார்ந்து யாரும் இவ்வளவு நேர்மையாகப் பதில் சொல்லி நான் பார்க்கவில்லை.

அதே கிரஹாம் 2022-ல் கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சனிடம், உங்கள் மதம் என்ன, ஒரு கத்தோலிக்கருக்கு நியாயமாகத் தீர்ப்பு சொல்வீர்களா, ஒன்றிலிருந்து பத்துக்குள் உங்கள் பக்திக்கு எத்தனை மார்க் என்று கேட்டார். பேரட்டைப் படுத்தியதற்குப் பழிவாங்கல், அதை அவர் மறைக்கவும் இல்லை. ஜாக்சன் புராட்டஸ்டண்ட் என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறாம் பிரிவில் மதச் சோதனை கூடாது என்றிருப்பதை நினைவுபடுத்தினார். மார்க் போடவில்லை.

களஞ்சியத்தில் இல்லாதது பற்றியும் சொல்ல வேண்டும். ஜெஃப் மடீர் என்று ஒருவர், 2017-ல் டெக்சாஸில் மாவட்ட நீதிபதிக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். முன்பு ஒரு பேச்சில், மதமும் அரசும் பிரிவினை என்ற சொற்களை அரசியல் சட்டத்தில் அப்படியே எடுத்துக் காட்டும் மாணவருக்கு நூறு டாலர் தருவேன் என்று நோட்டைத் தூக்கிப் பிடிப்பேன், யாராலும் முடியாது, அதில் இல்லையே என்று சொன்னவர். என்ன நினைக்கிறார் என்பதில் சந்தேகத்துக்கே இடம் வைக்காத ஒரே ஆள்! ஆனால் திருநங்கைக் குழந்தைகள் பற்றி அவர் பேசிய வேறு பேச்சுகள் வெளிவந்து, குழு முன்னால் உட்காரும் முன்பே பெயர் திரும்பப் பெறப்பட்டது. வெளிப்படையாகப் பேசியவர் விசாரணைக்கே வரவில்லை, வந்தவர்கள் வெளிப்படையாகப் பேசவில்லை. 1993-ல் தன் விசாரணையில் ரூத் பேடர் கின்ஸ்பர்க், வரப்போகும் வழக்குகள் பற்றிக் கோடி காட்டவும் மாட்டேன் முன்கூட்டிச் சொல்லவும் மாட்டேன் என்று ஒரு வழி போட்டுக் கொடுத்தார், இரண்டு கட்சிக்காரர்களும் அதே வழியில் ஜாலியாகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

யாருக்கு இது உதவும்? சட்டம் படிக்கும் பிள்ளைகளுக்குக் கட்டாயம். ஆனால் ஒரு வரிசை சொல்கிறேன், நான் தப்பான வரிசையில் பார்த்து ஒரு வாரத்தை வீணாக்கினேன். முதலில் தீர்ப்பைப் படியுங்கள், அப்புறம் விசாரணைக்கு வாருங்கள். 2022-ல் பிரெமர்டன் பள்ளிப் பயிற்சியாளர் மைதான நடுவில் மண்டியிட்டு ஜெபித்த வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 6-3. நீதிபதி நீல் கோர்சச் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் அது தனிமனிதனின் அமைதியான ஜெபம். சோட்டோமயோரின் மறுப்பில் போட்டோவே ஒட்டியிருக்கிறது, பயிற்சியாளரைச் சுற்றிப் பிள்ளைகள் கும்பலாக மண்டியிட்டிருக்கிறார்கள். லெமன் சோதனையைக் கைவிட்டாயிற்று, இனி வரலாறும் மரபும்தான் அளவுகோல் என்று அதில் சொல்லிவிட்டார்கள். அக்கா கேட்ட பத்துக் கட்டளை கேள்வி திரும்ப உயிர் பெற்றது இங்கிருந்துதான், 1980 தீர்ப்பு லெமன் தூணில் நின்றது. இதைப் படித்துவிட்டு கோர்சச்சின் 2017 விசாரணையைப் போட்டால், பல்லைக் காட்டிச் சிரித்தபடி நழுவும் ஒவ்வொரு இடத்திலும் எதை விட்டு நழுவுகிறார் என்று புரியும். தீர்ப்பு தெரியாமல் பார்த்தால் வெறும் தூக்கம்.

உச்ச நீதிமன்றத்துக்குள் கேமரா கிடையாது, அங்கே நடக்கும் வாதங்களின் ஒலியை மட்டும் நீதிபதிகளின் புகைப்படங்களோடு போடுகிறார்கள், அதுவும் இங்கேயே கிடைக்கும். 2025 ஏப்ரலில் நடந்த ஓக்லஹோமா கத்தோலிக்க சார்ட்டர் பள்ளி (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) வாதத்தைக் கேளுங்கள். அரசுப் பணத்தில் முழு மதப்பள்ளி நடத்தலாமா என்ற கேள்வி. விசாரணையில் நாள் கணக்கில் கறக்க முடியாததை அங்கே நீதிபதிகள் தாங்களே கேள்வி என்ற பெயரில் கொட்டுகிறார்கள். பேரட் அந்த வழக்கிலிருந்து விலகிக்கொண்டார், மற்றவர்கள் 4-4 என்று நின்றார்கள், மே மாதம் ஒற்றை வரியில் முடித்துவிட்டார்கள், யார் எந்தப் பக்கம் என்றுகூடப் போடவில்லை.

போன ஞாயிறு ராபர்ட்ஸ் துண்டைத்தான் அக்காவுக்கு அனுப்பினேன். முழுசாகப் பார்த்திருக்கிறாள். “நல்லாத்தான் பேசறாரு. ஆனா அந்தம்மா கேட்டதுக்கு என்னடா சொன்னாரு?” என்று கேட்டு வாய்ஸ் மெசேஜ். இன்னும் பதில் போடவில்லை. இன்று ராத்திரி டேவிட் சூட்டர், 1990.